மனத்துயர்க்கு ஓர் ஆற்றுப்படை

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்துப்பாட்டு என்னும் சங்கத் தொகுப்பின் முதற்கண் வைக்கப்பட்டிருப்பது நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படை. பதினோராம் திருமுறையிலும் அது இடம்பெற்றுள்ளமையால் சைவப் பெருமக்களின் வழிபாட்டு நூலாகவும் திகழ்கின்றது. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்னாரைக் காண்க, உன் துயர் தீரும் என்று எடுத்துரைப்பதே அவ்வகை நூல்களின் அமைப்பாகும். திருமுருகாற்றுப்படையோ, முருகனருள் பெற்ற ஒருவர் அவ்வருளைப் பெற விழையும் மற்றொருவரை அவன் திருவடிக்கு வழிப்படுத்துவதாக அமைந்தது.

இக்காலத்தில் கவுன்சிலிங் என்று வழங்கப்பெறும் மனநல ஆலோசனைக்கும் ஆற்றுப்படுத்துதல் என்னும் அதே சொல்லைத் தமிழறிஞர் சிலர் எடுத்தாள்கின்றனர். துயருற்றவனைத் தோளில் தூக்கிச் செல்லாமல், அவன் தன் கால்களால் நடந்து கரையேறுவதற்கு உடனிருந்து வழிகாட்டும் பணியாதலின், அச்சொல் மிகப் பொருத்தமானதே. அப்பணியின் இயல்பு யாது, அது யாருக்குத் தேவை, ஆலயத்திற்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

மறைக்கப்படும் நோய்

மலேசிய சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டில் மேற்கொண்ட தேசிய ஆய்வின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழப் பத்து லட்சம் பேர், மனச்சோர்வினால் பாதிக்கப்பட்டிருந்தனர். 2019ஆம் ஆண்டில் இது 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இருமடங்காயிற்று. இடைநிலைப்பள்ளி மாணவரிடையே 2022ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற ஆய்வில், நால்வரில் ஒருவர் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கொண்டிருந்தமை தெரியவந்தது.

ஆயினும் நீரிழிவு என்றும் இரத்தக்கொதிப்பு என்றும் வெளிப்படையாகக் கூறுகின்றவர்கள், மனநோய் என்று கூற அஞ்சுகின்றனர். இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டில் மனநோயாளர்க்கென ஒரு பெரிய மருத்துவமனை அமைக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரே பின்னாளில் மலாயாவெங்கும் ஏளனச் சொல்லாக மாறிற்று. அம்மருத்துவமனை இன்று உலு கிந்தா பாகியா மருத்துவமனை என வழங்கப்படுகின்றது. பாகியா என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியும், ஏளனம் முற்றும் மறைந்ததாகக் கூறுவதற்கில்லை. "பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது", "தம்பிக்கு வேலை கிடைக்காது" என்று வீட்டார் நோயை மூடி வைக்கின்றனர். மூடி வைக்கப்பட்ட நோயோ முற்றுகின்றது.

தோட்டப்புற வாழ்க்கையை இங்குள்ள மூத்தோர் அறிவர். லயத்து வீடுகளில் ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்து வீட்டு அக்காள் பத்தியம் சமைப்பாள். கணவனை இழந்தவளுக்கு வரிசை முழுவதும் துணையிருக்கும். அவ்வாழ்வில் வறுமையும் இருந்தது, சம்சுக் குடியின் கொடுமையும் இருந்தது. ஆயினும் துயரைச் சொல்லி அழ ஓர் ஆள் இருந்தது. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மக்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிய பின்னர், அந்தச் செவி மறைந்தது. சிற்றூரில் அக்கம்பக்கத்தார் இயல்பாகச் செய்த பணியின் ஒரு பகுதியையேனும் பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய காலம் இது.

கண்ணன் காட்டிய முறை

மனநல ஆலோசனை மேல்நாட்டுச் சரக்கு, அது இந்து சமயத்தார்க்கு எதற்கு என்று வினவுவோரும் உளர். அவர்கள் பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தை மீண்டும் ஒருமுறை ஊன்றிப் படித்தல் வேண்டும். அதன் பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம்.

போர்க்களத்தின் நடுவே வில்லேந்திய வீரன் தன் நிலையைக் கூறுகின்றான். உறுப்புகள் தளர்கின்றன, வாய் உலர்கின்றது, உடல் நடுங்குகின்றது, காண்டீபம் கையினின்று நழுவுகின்றது, நிற்கவும் இயலவில்லை, மனம் சுழல்கின்றது என்கின்றான். கடும் மனப்பதற்றம் உற்றவர்கள் இன்று மருத்துவரிடம் கூறும் அறிகுறிகளும் இவையே. அந்த அத்தியாயத்தின் 47 சுலோகங்களில் கண்ணபிரான் பேசுவது ஒரே ஒரு சிறு வாக்கியம். எஞ்சிய நேரமெல்லாம் அவன் கேட்டுக்கொண்டிருக்கின்றான்.

இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. இந்தக் கோழைத்தனம் தகாது, எழுந்து நில் என்று கண்ணன் முதலில் கடிந்துரைக்கின்றான். அக்கடிந்துரையால் அர்ஜுனன் எழவில்லை. மேலும் கலங்கி, போர் புரியேன் என்று கூறி மௌனமாகி விடுகின்றான். அதன் பின்னரே பொறுமையான உபதேசம் தொடங்குகின்றது. இடையிடையே அர்ஜுனன் ஐயம் எழுப்புகின்றான். கண்ணன் சலிப்பின்றி விடையளிக்கின்றான். பதினெட்டாம் அத்தியாயத்தில் எல்லாவற்றையும் கூறி முடித்தபின், இதனை முழுதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய்வாயாக என்று முடிவை அர்ஜுனனிடமே விட்டுவிடுகின்றான்.

துயருற்றவரை நோக்கி "தைரியமாக இரு", "உனக்கென்ன குறை" என்று கூறுவது பயன் தராது என்பதும், முதலில் முழுமையாகக் கேட்டல் வேண்டும் என்பதும், முடிவு அவருடையதாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இதனால் புலப்படும். இவை மூன்றும் இக்கால மனநல ஆலோசனையின் அடிப்படைகளுள் அடங்கும். அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987), ஆலோசகரிடம் இருக்கவேண்டிய மூன்று பண்புகளை வற்புறுத்தினார். பிறர் துயரை அவர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையின்றி அவரை மதித்து ஏற்றல், போலித்தனம் இன்றி நடத்தல் என்பன அவை.

ஆலோசனை அறையில் நிகழ்வது யாது

ஆலோசனை என்றவுடன் அறிவுரை வழங்குதல் என்று பலர் எண்ணுகின்றனர். அறிவுரை வழங்க உற்றார் உறவினர் போதும். பயிற்சி பெற்ற ஆலோசகர் வினாக்களின் வாயிலாகத் துயரின் முடிச்சை நாடுகின்றார். ஓர் அமர்வு பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நிகழும். அங்குக் கூறப்படுவன வெளியே செல்லா. தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரக்கூடும் என்னும் நிலையிலும், சட்டம் கோரும் நிலையிலும் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கையும் ஆலோசகர் முதல் அமர்விலேயே தெளிவுபடுத்துவது முறை.

சிகிச்சை முறைகளுள் இன்று பரவலாக வழங்குவது எண்ணமும் நடத்தையும் சார்ந்த முறை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) 1960களில் இதனை வகுத்தார். மனச்சோர்வுற்றோர் உள்ளத்தில் தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் தாமாகவே எழுவதையும், அவற்றை அவர்கள் உண்மையென்றே கொள்வதையும் அவர் கண்டறிந்தார்.

எடுத்துக்காட்டாக, ஒரு தாய்க்கு வெளியூரில் பணிபுரியும் மகன் ஒரு வாரமாகத் தொலைபேசியில் பேசவில்லை என்று கொள்க. "நான் யாருக்கும் வேண்டாதவளாகி விட்டேன்" என்னும் எண்ணம் எழுகின்றது. அவ்வெண்ணத்தால் உறக்கம் போகின்றது. உறக்கம் போனதால் உடல் தளர்கின்றது. தளர்ந்ததால் வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் செல்வதில்லை. செல்லாததால் பேச ஆளின்றித் தனிமை மிகுகின்றது. தனிமை அந்த முதல் எண்ணத்தை மெய்யாக்கிக் காட்டுகின்றது. வட்டம் இவ்வாறு சுழல்கின்றது. அத்தாயிடம் ஆலோசகர், மகன் அழைக்காமைக்கு வேறு காரணம் இருத்தல் கூடுமா, சென்ற மாதம் அவன் என்ன செய்தான், இதே நிலை தங்கைக்கு நேர்ந்தால் அவளிடம் என்ன கூறுவீர்கள் என்று வினவுகின்றார். விடைகளை அத்தாயே கூறுகின்றார். மகன் உண்மையாகவே பாராமுகமாய் இருப்பின், அதனை எவ்வாறு அவனிடம் எடுத்துரைப்பது என்றும் இருவரும் ஆராய்கின்றனர். காலையில் பதினைந்து நிமிட நடை, வாரம் ஒருமுறை கோயில் எனச் சிறு சிறு செயல்களும் திட்டமிடப்படுகின்றன. மனம் தெளிந்தபின் செயலாற்றலாம் என்று காத்திராமல், செயலின் வழியே மனத்தைத் தெளிவித்தல் இம்முறையின் ஒரு பகுதி. பொதுவாக ஆறு முதல் இருபது அமர்வுகளில் இச்சிகிச்சை நிறைவுறும்.

இதுவன்றி, கணவன் மனைவி இருவரையும் அல்லது குடும்பத்தார் அனைவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசும் முறையும், இறப்பின் துயரைத் தாங்கத் துணைபுரியும் முறையும், குடிப்பழக்கத்தினின்று விடுபட உதவும் முறையும் உள்ளன.

எல்லா நோய்க்கும் பேச்சு ஒன்றே போதும் என்பதும் தவறு. கடும் மனச்சோர்விலும், மனச்சிதைவு நோயிலும், எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயிலும் மருந்து இன்றியமையாதது. மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பயன்காட்டச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாள் உண்டு, குணமில்லை என்று நிறுத்துவதும், குணமானவுடன் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் தீங்கு விளைவிக்கும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றது. அந்த நான்காமவர் பெரும்பாலும் வீட்டாரே. வேளை தவறாமல் மருந்தை நினைவூட்டும் மனைவியும், மருத்துவமனைக்கு உடன் செல்லும் தம்பியும் சிகிச்சையின் ஒரு கூறே ஆவர்.

யாரிடம் செல்வது

முதற்கண் அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்திற்கே செல்லலாம். அங்குள்ள மருத்துவர் வினாப்பட்டியல் கொண்டு மனநிலையை ஆராய்ந்து, தேவைப்படின் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். சுகாதார அமைச்சின் மெந்தாரி என்னும் சமூக மனநல நிலையங்களும் பல இடங்களில் இயங்குகின்றன. மாணவர்களுக்குப் பள்ளியின் ஆலோசக ஆசிரியர் உளர். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர். உளவியல் நிபுணர் சோதனைகளாலும் சிகிச்சை உரையாடலாலும் உதவுபவர். ஆலோசகர் வாழ்க்கைச் சிக்கல்களில் வழிகாட்டுபவர். மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி ஆலோசகர் தொழில் புரிவோர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு உண்டா, தொழில் நடத்தும் சான்றிதழ் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அது கேட்பவரின் உரிமை.

தற்கொலை எண்ணம் பற்றியும் ஈண்டுக் கூறுதல் கடமையாகின்றது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி நெடுங்காலம் குற்றமாகக் கருதப்பட்டு வந்தது. பிழைத்தவரும் வழக்குக்கு அஞ்சி உதவி நாடாதிருந்தனர். 2023ஆம் ஆண்டில் மலேசிய நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கிற்று. இனி அத்தகையோர் உதவி பெறவேண்டியவரேயன்றிக் குற்றவாளிகள் அல்லர்.

ஒருவர் "நான் இருந்து என்ன பயன்" என்று அடிக்கடி கூறினாலும், அரும்பொருள்களைப் பிறருக்கு வழங்கத் தொடங்கினாலும், திடீரென விடைபெறுவார்போல் பேசினாலும், "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகின்றதா?" என்று அன்போடு நேராகக் கேட்டல் வேண்டும். கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாக உண்டாவதில்லை; கேட்க ஒருவர் உளர் என்னும் ஆறுதலே உண்டாகும். அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அகற்றி, உடனே உதவி நாடுதல் வேண்டும். 1970 முதல் கோலாலம்பூரில் பணியாற்றிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்னும் எண்ணில் நாளின் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை எண் 15555. உயிருக்கு உடனடி ஆபத்தெனின் 999.

வழிபாடும் மருத்துவமும்

மனம் கலங்கியவர் முதலில் நாடி வருவது ஆலயத்தையே. அது நன்றே. கூட்டு வழிபாடும், தேவாரப் பண்ணிசையும், பிரகாரம் வலம் வருதலும் உள்ளத்துக்கு அமைதி தருவன. ஆனால் வழிபாட்டை மருத்துவத்திற்கு எதிரே நிறுத்துதல் சமயநெறி ஆகாது. திருநாவுக்கரசர் சூலைநோயால் துடித்தபோது தம் தமக்கையார் திலகவதியாரிடம் அடைக்கலம் புகுந்தார். சமயம் மாறிச் சென்றவர் என்று அத்தமக்கையார் கதவடைக்கவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றார். இறையருள் அவருக்கு ஒரு மனிதரின் கையைப் பற்றிக்கொண்டே வந்தது என்பதைப் பெரியபுராணம் உணர்த்துகின்றது. அதுபோல மருத்துவரின் கை வழியாகவும் அருள் வரும் என்று கொள்வதில் தடையொன்றும் இல்லை.

திருவிழாவின்போது அருள்வந்து ஆடுதல் வேறு. வாரக்கணக்கில் உறக்கமின்றி, பிறர் கேளாத குரல்களைக் கேட்டு, வீட்டாரையே பகைவரென்று அஞ்சும் நிலை வேறு. பின்னதைச் செய்வினை என்றும் பேய்க்குற்றம் என்றும் கூறி ஊர் ஊராக அலைக்கழிப்பதால் மாதங்கள் வீணாகின்றன. சிகிச்சை எத்துணை விரைவில் தொடங்குகின்றதோ அத்துணை நன்மை உண்டு. பேயோட்டுவதாகக் கூறி அடிப்பதும், கட்டி வைப்பதும், பட்டினி போடுவதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் எந்த ஆகமத்தின் பெயராலும் ஏற்கத்தக்கன அல்ல. நேர்த்திக்கடன் செலுத்துவோர் செலுத்துக. மந்திரித்துக் கயிறு கட்டுவோர் கட்டுக. அதே வாரத்தில் மருத்துவரையும் காண்க.

ஆலயம் செய்யத்தக்கன

பெரும் பொருட்செலவின்றியே ஆலய நிர்வாகம் செய்யத்தக்கன சில உள்ளன. உபய அட்டவணை ஒட்டப்படும் அறிவிப்புப் பலகையில் மேற்கூறிய தொலைபேசி எண்களையும் எழுதி வைக்கலாம். பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரை ஆண்டுக்கு இருமுறையேனும் அழைத்து, இளைஞர்க்கும் தாய்மார்க்கும் விளக்கவுரை ஏற்பாடு செய்யலாம். குருக்கள்மாரும் பண்டாரங்களும் துயருற்றவரின் முறையீட்டை நாள்தோறும் கேட்பவர்கள். எந்நிலையில் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதை அவர்கட்கு எடுத்துரைக்கலாம். ஆலயத்தில் கேட்ட குடும்பச் செய்தி அன்னதானக் கூடத்தில் பேசுபொருளாகாதவாறு காத்தல் அனைவர்க்கும் உரிய விரதமாக வேண்டும். ஒரு முறை இரகசியம் கசிந்தால், பத்துக் குடும்பங்கள் வாய் திறவா.

அடியார்கள் செய்யத்தக்கது இன்னும் எளிது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்ற வந்த அம்மையார் ஒரு மாதமாக வரவில்லையெனின், அதனைக் கவனித்தல் வேண்டும். தேர்வுக்குப்பின் யாருடனும் பேசாமல் ஒதுங்கும் மாணவன், பிள்ளை பெற்றபின் இரண்டு வாரத்திற்கும் மேலாக அழுதுகொண்டே இருக்கும் இளந்தாய், மனைவி இறந்தபின் சமைப்பதையே நிறுத்திவிட்ட முதியவர் ஆகியோரைத் தேடிச் சென்று, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, விடை வரும்வரை அமர்ந்திருத்தல் வேண்டும். மருத்துவரைக் காண அஞ்சுவாராயின், "நானும் உடன் வருகிறேன்" என்று கூறுதல் வேண்டும். சிகிச்சை பெற்று நலம் அடைந்தவர்கள் தம் அனுபவத்தை ஒருவரிடமேனும் எடுத்துரைப்பது அதனினும் உயர்ந்த தொண்டாகும். பரிசில் பெற்று மீண்டவன் எதிரே வருபவனுக்கு வழிகூறியதே ஆற்றுப்படை அல்லவா?

இத்திருவிழாவுக்கு வந்துள்ள அன்பர்களுள், சிரித்த முகத்தோடு நின்று உள்ளே நொறுங்கிக் கொண்டிருப்போரும் இருத்தல் கூடும். அவர்கட்கு அன்போடு கூறத்தக்கது இதுவே: இத்துன்பம் முற்பிறவிப் பாவத்தின் அடையாளமும் அன்று, பக்திக் குறைவின் அடையாளமும் அன்று. இது நோய், இதற்கு மருத்துவம் உண்டு. அம்பிகையின் திருமுன் கற்பூர ஒளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபின், வீடு செல்லுமுன்னரே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்திறந்து கூறுக.

எல்லாம் வல்ல அன்னையின் திருவருள் அனைவர்க்கும் உடல்நலமும் உளநலமும் அருளித் துணைநிற்பதாக.